முத்துக்குளிப்போரின் பசியும் ஊணும்

1797ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தின் முதல் நாள் சாம்பற் புதன். கத்தோலிக்க மக்களின் தவக்காலம் அன்று தொடங்கிற்று. அதற்கு ஓரிரு நாள் முன்பின்னாக முஸ்லிம்களின் ரமழான் பிறையும் தோன்றியது. அதே மார்ச்சு, ஏப்ரில் மாதங்களில் மன்னார்க் குடாவிலே பிரித்தானியர் முத்துக்குளிப்பு நடத்தினர். அதனைப் பற்றி லெ பெக் என்பவர் எழுதிய கட்டுரை, கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஆசிய ஆராய்ச்சிகள்’ என்னும் வெளியீட்டின் ஐந்தாம் தொகுதியில் உள்ளது. மூழ்குவோருட் பெரும்பாலோர் இரு கூட்டத்தினர். ஒரு சாரார் தூத்துக்குடிக் கரையிலும் மன்னார்க் கரையிலும் வாழ்ந்த கத்தோலிக்கப் பரதவர். மறு சாரார் கீழக்கரை முதலிய ஊர்களிலிருந்து வந்த முஸ்லிம்கள். ஆகவே, ஆண்டிலேயே உடல் மிக வருந்தி உழைக்கும் பருவமும், இரு சமயத்தார்க்கும் உணவைச் சுருக்கும் நோன்புக் காலமும் அவ்வாண்டில் ஒன்றாய் வந்து சேர்ந்தன.

இரு சமயங்களும் இத்தகைய நெருக்கடியை முன்னரே எண்ணிப் பார்த்திருந்தன. கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோர்க்குத் திருச்சபை ஒருவேளை உணவு என்னும் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருந்தது. மீன் உண்பதற்குத் தடையில்லை. பயணத்தில் இருப்போர் விட்ட நோன்பைப் பின்னர் நோற்கலாம் என்பது இஸ்லாமிய நெறி. கீழக்கரையிலிருந்து கடல் கடந்து வந்தவன் பயணியே ஆவான். எனினும் சமயம் தந்த விலக்கு ஒரு புறமிருக்க, கடல் விதித்த நோன்பு ஒன்றும் உண்டு. அதிலிருந்து எவர்க்கும் விலக்கில்லை.

இக்காலத்தில் உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் இளைஞர்கள் ஆண்டைப் பருவங்களாகப் பிரித்துக்கொண்டு, தசை வளர்ப்பதற்கெனச் சில மாதங்கள் மிகுதியாக உண்பதையும், கொழுப்பைக் கரைப்பதற்கெனச் சில மாதங்கள் குறைத்து உண்பதையும் புதுமை எனக் கருதுவர். உணவையும் உழைப்பையும் பருவத்துக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் வாழ்ந்த மக்கள் மன்னார்க் கரையில் நெடுங்காலம் இருந்தனர். வேற்றுமை ஒன்றே: இளைஞன் தானே விரும்பிப் பசிக்கிறான், மூழ்குவோன் பசித்தது காற்றும் கடலும் வகுத்த நியதியால்.

அந்நியதியை அறியப் படகுகளின் கால அட்டவணையை நோக்கினாற் போதும். 1803இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட ரொபேர்ட் பெர்சிவல் என்னும் படை அலுவலர், இரவு பத்து மணியளவில் அரிப்பிலே பீரங்கி ஒன்று முழங்கும் என்றும், அவ்வொலி கேட்டதும் படகுகள் யாவும் கரைக்காற்றின் துணையோடு புறப்படும் என்றும் எழுதுகிறார். விடியுமுன் அவை முத்துப்பார்களை அடையும். கதிரவன் எழுந்ததும் மூழ்குதல் தொடங்கும். நண்பகலிற் கடற்காற்று எழும். அதனோடு படகுகள் கரை திரும்பும். சிப்பிகளை இறக்கி, எண்ணி, பங்கு பிரித்த பின்னரே மூழ்குவோன் தன் குடிலை நாடுவான். இந்த ஒழுங்கை நோக்கின், அவன் வயிறார உண்ணக்கூடிய வேளை மாலைப் பொழுது ஒன்றே. முந்திய நாள் மாலை உண்ட உணவைக் கொண்டே மறுநாட் காலை நாற்பது ஐம்பது முறை கடலடிக்குச் செல்ல வேண்டும். நாளொன்றுக்கு அத்தனை முறை மூழ்குவதுண்டு என்பதும் பெர்சிவல் தரும் கணக்கேயாகும்.

வெறும் வயிற்றோடு மூழ்குவது வறுமையால் மட்டும் வந்த வழக்கமன்று. உணவு செரிக்கும்போது உடல் அதிகப் பிராணவாயுவைச் செலவிடுகிறது. நிறைந்த இரைப்பை, மூச்சை உள்ளிழுக்கும் உதரவிதானத்தின் அசைவையும் நெருக்குகிறது. மூச்சை அடக்கியிருப்பவனுக்கு இவை இரண்டும் பகை. 2014இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர், மூச்சடக்கும் போட்டிகளிற் பயின்றோரைச் சோதித்தபோது, இரவு முழுதும் உண்ணாதிருந்த நிலையில் அவர்கள் உண்ட நிலையைக் காட்டிலும் நெடுநேரம் மூச்சடக்கியதாகக் கண்டனர். பாரசீகக் குடாவின் முத்துக்குளிப்போர் காலையிற் சில பேரீச்சம்பழமும் காப்பியும் மட்டுமே கொண்டு, சோறும் மீனும் அடங்கிய பெரிய உணவை இரவுக்கென வைத்திருந்தனர். அவர்களுட் பலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னாருக்கே வந்து, மரிச்சுக்கட்டியிலே தமிழ்நாட்டாரோடும் இலங்கையரோடும் அருகருகே மூழ்கினர். அரபியர் மூக்கிற் கொம்பாலான கவ்வியைப் பொருத்திக்கொள்வர். தமிழர் கையாலேயே மூக்கைப் பொத்திக்கொள்வர். கருவி வேறாயினும் வயிற்றின் விதி ஒன்றே.

உண்ணாநோன்பு கரையிலும் ஒருவருக்கு விதிக்கப்பட்டிருந்தது. சுறாக்களின் வாயை மந்திரத்தாற் கட்டுபவர் எனப்பட்ட கடல்கட்டி அவர். மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றிக் கூறும்போதே, மீன்களை மந்திரத்தாற் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்கிறார். படகுகள் திரும்பும்வரை கடல்கட்டி கரையில் நின்று மந்திரம் ஓத வேண்டும். அதுவரை உண்ணலும் பருகலும் ஆகா. ஆயினும் சிலர் நோன்பைக் கைவிட்டுக் கள்ளை அருந்தி, நிற்கவும் இயலாதவராயினர் என்று பெர்சிவல் சற்றே நகையோடு குறித்துள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தொழிலிற் தலைமை பூண்டிருந்தவர் கத்தோலிக்கர் என எமெர்சன் தெனன்ற் எழுதுகிறார். மந்திரத்தின் வலிமை ஓதுபவரின் சமயத்தைச் சார்ந்ததன்று என மூழ்குவோர் எண்ணினர் போலும்.

ஒரு படகிற் சென்றோர் ஏறக்குறைய இருபத்துமூவர். அவருட் பதின்மர் மூழ்குவோர். கயிறு இழுப்போர் பெரும்பாலும் அதே தொகையினர். எஞ்சியோர் படகைச் செலுத்துவோர். இருவர்க்கு ஒரு கல். ஒருவன் கீழே சென்றிருக்க மற்றவன் இளைப்பாறுவான். கல்லின் எடை இருபது முதல் முப்பது இறாத்தல். அக்கல்லின் மேற் காலை வைத்து மூழ்குவோன் விரைந்து கீழே சென்று, ஒரு நிமிடத்தை ஒட்டிய பொழுதிற் கூடையிற் சிப்பிகளை வாரி இட்டு, கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவன் இழுப்பான். இவ்விருவரின் உழைப்பும் ஒன்றல்ல. இருவருக்கும் வேண்டிய உடலும் ஒன்றல்ல. இழுப்பவனுக்குத் தோளும் முதுகும் திரண்டிருத்தல் நன்று. மூழ்குபவனுக்கு மிகுந்த தசையும் சுமையே, ஏனெனில் தசை பிராணவாயுவை உண்ணும். மிகுந்த கொழுப்பும் இடையூறே, ஏனெனிற் கொழுப்பு மிதக்கும். ஆயினும் கொழுப்பே இல்லாத உடல் நீரில் விரைவிற் குளிர்ந்துவிடும்.

கல்லை இழுப்பது எத்துணைப் பெரிய வேலை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது சுவையானது. பன்னிரண்டு கிலோக் கருங்கல் நீருக்குள் ஏழரைக் கிலோ அளவே கனக்கும். அதனைப் பதினைந்து மீற்றர் ஆழத்திலிருந்து ஒருமுறை இழுக்க, உடலின் திறன் ஐந்தில் ஒன்று எனக் கொண்டால், ஏறக்குறைய ஒன்றேகால் கலோரி செலவாகும். ஒரு கல்லை நாளில் நூறு முறை இழுத்தால் ஏறக்குறைய நூற்று முப்பது கலோரியே ஆகும். ஒரு கைப்பிடி அரிசி அதனை ஈடுசெய்துவிடும். சிப்பிக் கூடையையும் மேலேறும் ஆளையும் சேர்த்தாலும் தொகை சில மடங்கே பெருகும். காற்று ஓய்ந்த நாளிற் பார்களுக்கும் கரைக்கும் துடுப்பு வலித்தலே பெருஞ்செலவு. கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றும் வேலை எல்லாம் உணவுக் கணக்கிற் பெரிதாய் இராது.

மூழ்குபவனின் செலவு வேறு வழியிற் கழிகிறது. மன்னார்க் குடாவின் நீர் பங்குனி சித்திரையில் இளஞ்சூடாகவே இருக்கும். எனினும் மனித உடலின் வெப்பத்தினும் அது குறைவு. காற்றைக் காட்டிலும் நீர் இருபது மடங்குக்கு மேல் விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். ஆறு மணிநேரம் நீரிலும் படகிலுமாக மாறி மாறி இருப்பவன், தான் அறியாமலே வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறான். இவ்விழப்பை அளந்து அறிந்தவர் கொரியா நாட்டு ஆய்வாளர். அந்நாட்டிற் கடலடியிற் சிப்பியும் பாசியும் எடுக்கும் பெண்கள், ரப்பர் உடை வருமுன், பருத்தி உடையோடு மாரிக் குளிரிலும் மூழ்கினர். 1967இல் ஹொங், ரான் என்னும் இருவர் எழுதிய கட்டுரை, அப்பெண்கள் நாள்தோறும் மூவாயிரம் கலோரி அளவு உண்டனர் என்றும், அதே ஊரில் மூழ்காத பெண்கள் இரண்டாயிரம் அளவே உண்டனர் என்றும் கூறுகிறது. அவ்வளவு உண்டும் அவர்கள் பருத்திலர். மாரியில் அவர்களது உடல் ஓய்ந்திருக்கும்போது செலவிடும் ஆற்றலும் உயர்ந்திருந்தது. மன்னாரின் நீர் அத்துணைக் குளிரன்று. ஆகவே மன்னாரின் தொகை அதனினும் குறைவாகவே இருந்திருக்கும். ஆயினும் மாலையில் மூழ்குவோன் இருமடங்கு சோறு கேட்டானாயின் அது பேராசையன்று.

அச்சோறு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண மன்னாரின் ஆண்டுச் சுழற்சியை அறிதல் வேண்டும். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்று வீசும், வடகரை கொந்தளிக்கும். வைகாசி முதற் சோளகக் காற்று தென்கரையைத் தாக்கும். இரண்டுக்கும் நடுவே மாசி, பங்குனி, சித்திரையிற் கடல் தெளிந்து அமைதியாய் இருக்கும். முத்துக்குளிப்பு நிகழ்வது அப்பொழுதே. பெருநிலப்பரப்பிற் கட்டுக்கரைக் குளத்தை அடுத்த வயல்களிற் காலபோக நெல் அறுவடையாவதும் ஏறக்குறைய அப்பருவமே. புதுநெல்லும் புதுச்சிப்பியும் ஒருங்கே வருகின்றன. அதற்கு முந்திய மழைமாதங்களோ கையிருப்பைக் கொண்டு கழிக்கும் காலம். மன்னார்த் தீவு பனைகள் நிறைந்தது. ஆடி ஆவணியிற் பிழிந்து உலர்த்திய பனாட்டு, முந்திய பருவத்திற் கிழங்கைப் பிளந்து காயவைத்த ஒடியல், அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், பானையிற் கிடக்கும் கருவாடு ஆகிய இவையே மழைக்காலத்து உணவு. ஒடியல் மாவைப் புளியும் மிளகாயும் மீனும் சேர்த்துக் காய்ச்சிய கூழ் வயிற்றை நிறைக்கும். அதில் மாப்பொருள் மிகுதி. மீன் எத்துணை விழுகிறதோ அத்துணையே புரதம். கடல் மூடியிருக்கும் நாளிற் கூழிற் கருவாட்டின் மணம் மட்டுமே இருத்தலும் கூடும்.

இவ்வாறு மாரியில் இளைத்தும் கோடையில் உண்டும் உழைத்தும் வாழும் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை அறிய, இன்றைய விஞ்ஞானம் உதவுகிறது. மாப்பொருளும் புரதமும் கிராமுக்கு நான்கு கலோரி, கொழுப்பு ஒன்பது கலோரி என்னும் கணக்கை அமெரிக்கரான வில்பர் அட்வாட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைநாட்டினார். அக்கணக்கைக் கொண்டே இன்று தசை வளர்ப்போர், தம் நாட்செலவுக்கு மேல் முந்நூறு முதல் ஐந்நூறு கலோரி வரை கூட்டி உண்கின்றனர். கொழுப்பைக் குறைக்கும் பருவத்தில் ஐந்நூறு அளவு குறைத்து உண்கின்றனர். குறைக்கும் காலத்தில் அவர்கள் இரண்டைக் கைவிடுவதில்லை: ஒன்று புரதம், மற்றொன்று பாரம் தூக்கும் பயிற்சி. இவை இரண்டும் இல்லையேல் உடல் கொழுப்போடு தசையையும் எரித்துவிடும்.

பட்டினியின் பின் உண்ணும் உணவு எங்கே சேர்கிறது என்பதையும் ஆராய்ந்துள்ளனர். இரண்டாம் உலகப் போரின் முடிவிலே, அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பார் முப்பத்தாறு இளைஞரை அவர்தம் இசைவோடு இருபத்துநான்கு வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் தம் எடையில் நாலில் ஒரு பங்கை இழந்தனர். ஓய்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஐந்தில் இரு பங்கு அளவுக்குக் குறைந்தது. பின்னர் நிறைய உண்ணத் தொடங்கியபோது முதலில் விரைந்து திரும்பியது கொழுப்பு. தசை மெல்லவே திரும்பிற்று. 1950இல் வெளிவந்த அவரது பெருநூல் இதனை விரித்துரைக்கும். இதனை மன்னாரோடு பொருத்திப் பார்க்கும்போது, மாரியின் இளைப்பும் அதன்பின் வந்த நிறைவும் மட்டும் இருந்தால் மூழ்குவோன் பருவந்தோறும் தசை குன்றியிருப்பான் எனலாம். அவ்வாறு நேராமற் காத்தது, நிறைவு வந்த அதே நாளிற் கடும் உழைப்பும் உடன்வந்தமையே. அன்றியும், முத்துக்குளிப்பு இல்லாத காலத்தில் அவருட் பலர் சங்கு குளித்தனர், வலை இழுத்தனர். உடல் முற்றாக ஓய்ந்திருக்கும் பருவம் அவர்க்கு அரிதே.

ஆயினும் முகாமின் உணவை நிறைவானது என்று புகழ்தல் தகாது. கொண்டச்சியும் சிலாவத்துறையும் மரிச்சுக்கட்டியும் வறண்ட மணற்கரைகள். சில வாரங்களுக்கு மட்டும் அங்கே ஓலைக்குடில்களாலான நகரம் ஒன்று எழும், பல்லாயிரவர் கூடுவர், பின்னர் மணலே மிஞ்சும். அரிசி இந்தியக் கரையிலிருந்தும் தோணிகளில் வந்தது. நல்ல தண்ணீர் அருவியாறு கடலோடு கலக்கும் அரிப்பிலேதான் உண்டு. கூட்டம் பெருகிய ஆண்டுகளில் வாந்திபேதி தோன்றி முகாமையே கலைத்ததுண்டு. அந்நோய் கண்டவனுக்கு மாலைச் சோறு உடலிற் சேராது. மறுநாள் அவன் கல்லின் மேல் நிற்கவும் இயலாது.

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் ஏறக்குறைய எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றின் தசை புரதம் மிகுந்தது. முத்தைப் பிரிப்பதற்காக அவை கடல்நீரில் இடப்பட்டு, புழு நெளியும் வரை அழுகவிடப்பட்டன. ஈக்களும் நாற்றமும் பல மைல் பரந்தன. அடுத்த ஆண்டு அங்கே அலுவல் பார்த்த லெனாட் வூல்வ் என்னும் இளம் அலுவலர், பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்றவர், அம்முகாமின் வாழ்வைத் தம் நினைவுகளிற் பதிந்துள்ளார். அழுகும் சிப்பியின் அருகே அமர்ந்து மக்கள் சோறுண்டனர். முத்து ஒன்றே பொருள், எஞ்சியது குப்பை.

மூழ்குவோனின் கூலி காசன்று, சிப்பியே. அரசு எடுத்த பங்கு போக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூழ்குவோர்க்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. அப்பங்கை அன்றன்று விற்றே அவர்கள் உணவு வாங்கினர். விலை உயர்ந்த நாளில் நெய்யும் ஆட்டிறைச்சியும் வாங்கலாம். விலை வீழ்ந்த நாளிற் சோறும் கருவாடும். இவ்வகையில் அவனது உணவின் அளவை வகுத்தது கடை வீதியின் ஏலமே. பார்களிற் சிப்பி இல்லாதுபோன ஆண்டுகளோ மிகப் பல. 1837க்குப் பின் 1855 வரை முத்துக்குளிப்பே இல்லை. 1891க்குப் பின் 1903 வரையும் அவ்வாறே. 1837இல் இருபது வயதினனாய் மூழ்கியவன், அடுத்த முறை பீரங்கி முழங்கியபோது நாற்பதை அண்மித்திருந்தான். 1906இல் அரசு பார்களை ஒரு கும்பினிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டது, அடுத்த ஆண்டோடு சிப்பி மறைந்தது, கும்பினியும் நொடித்தது. 1925இல் ஒருமுறை பெரிய அளவில் நிகழ்ந்தது. அத்தகைய முத்துக்குளிப்பு அதன்பின் இலங்கைக் கரையில் நிகழவில்லை. தேசாதிபதி நோத் 1801 முதல் 1804 வரையிற் கட்டுவித்த அரிப்பு மாளிகை, முத்துக்குளிப்பை மேற்பார்வையிட எழுந்தது. இன்று இடிந்த சுவர்களோடு கடலரிப்புக்கு ஆளாகி நிற்கிறது.

அதே கரையிலிருந்து இன்றும் மனிதர் மூழ்குகின்றனர். அவர்கள் தேடுவது சங்கும் கடலட்டையும். முதுகிற் காற்றுக்குடுவை இருப்பதால் மூச்சை அடக்க வேண்டியதில்லை. வெறும் வயிற்றோடு இறங்கும் கட்டாயமும் தளர்ந்துவிட்டது. ஆயின் அழுத்தத்தின் கீழ் உட்கொண்ட காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திற் கரைகிறது. நீரிற் கரைவதைக் காட்டிலும் ஐந்து மடங்கு அது கொழுப்பிற் கரையும். விரைந்து மேலெழுந்தால் அது குமிழிகளாகி நரம்பைத் தாக்கும். எத்துணை ஆழத்தில் எத்தனை நிமிடம் இருந்தோம் என்பதே இன்று அவர்கள் வைக்க வேண்டிய கணக்கு. அதனைத் தவறவிட்டுக் கைகால் வழங்காது கரையேறினோரும் இக்கடலோரத்தில் உளர்.